அந்த மூச்சில் என்ன இருந்தது?

மாரடைப்போடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வயது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம், அப்பாவுக்கு இதயநோய் இருந்ததா என்பது வரை எல்லாம் அவருடைய கோப்பில் ஏறிவிடும். கடந்த இருபது வருஷமாக அவர் எந்த மாதிரிக் காற்றைச் சுவாசித்தார் என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் கிடையாது. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டால் பதில் வரும். நாளைக்குச் சுமார் 20,000 முறை மூச்சு விடுகிறோமே, அதில் எத்தனை மூச்சு கெட்ட மூச்சு என்று யாருக்குத் தெரியும்?

காற்று மாசு உடலை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில்தான் முடிச்சாக விழுந்து கிடக்கிறது. தரவுகளோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இந்த இரண்டும் சேர்ந்து, இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளை விடாமல் படிக்கிற பழக்கத்தை எனக்கு உண்டாக்கிவிட்டன. செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தை மாற்றப்போகிறது என்று பேசுகிறவர்கள் எல்லோரும், நோயை அது முன்கூட்டியே கண்டுபிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறார்கள். காற்று விஷயத்தில் அது செய்திருக்கிற பெரிய காரியம் வேறு. கோப்பில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தை அது நிரப்பத் தொடங்கியிருக்கிறது. எவ்வளவு நம்பகமாக நிரப்புகிறது என்பதுதான் நான் இங்கே பேச விரும்புவது.

முன்பெல்லாம் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் இது புரியும். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் மூடியது. நிலக்கரிப் புகை, குளிர், அசையாத காற்று. முதலில் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிற்காலத்து ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. அந்த அளவுக்குக் கொடுமையாக இருந்தால் நுட்பமான கருவி எதுவும் தேவையில்லை, இறப்புப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். கண்ணுக்குப் புகை தெரியாத, ஆனாலும் காற்று சுத்தமாக இல்லாத சாதாரண நாட்கள்தான் சிக்கலானவை.

அந்தச் சாதாரண நாட்களைப் பிடித்தது 1993ல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு. அமெரிக்காவின் ஆறு ஊர்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், காற்று மிக மோசமாக இருந்த ஸ்டூபென்வில்லில் இறப்பு விகிதம், காற்று மிகச் சுத்தமாக இருந்த போர்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். இன்றைக்கு உலகின் பல நாடுகளில், காற்றில் மிதக்கும் நுண்துகளுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது என்றால், அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் ஓர் ஊருக்கு ஒரு காற்றுதான். ஊர் நடுவில் வைத்த, மாசு அளக்கும் நிலையம் காட்டிய அளவே அந்த ஊரில் எல்லோருக்கும். ஆலைச் சுவரை ஒட்டி வீடு இருந்தவருக்கும் ஊர்க்கோடியில் மரங்களுக்கு நடுவே இருந்தவருக்கும் ஒரே எண்.

உண்மையில் காற்று அப்படி இருப்பதில்லை. 2017ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், கூகுளின் தெருக்காட்சிக் கார்களில் மாசு அளக்கும் கருவிகளைப் பொருத்தி ஒரே தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஒரே பகுதிக்குள்ளேயே, சில நூறு மீட்டர் இடைவெளியில், ஐந்து முதல் எட்டு மடங்குவரை மாறின. நெடுஞ்சாலை ஓரத்துக்கும் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கும் வேறு வேறு காற்று. எல்லா இடத்திலும் நிலையம் வைத்துவிடலாம் என்றால், தரமான ஒரு நிலையத்தை நிறுவிப் பராமரிப்பது பெரிய செலவு. உலகத்தின் பெரும்பகுதியில் பக்கத்து நிலையம் பல கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பல இடங்களில் அதுவும் இல்லை.

இங்கேதான் மெஷின் லேர்னிங், அதாவது தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை, உள்ளே வருகிறது. அது செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாயம் எதுவும் இல்லை.

முதலில் வானத்திலிருந்து ஒரு தடயம் கிடைக்கிறது. நாசாவின் டெர்ரா, அக்குவா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் என்ற கருவி, பூமியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பார்த்து, இடையில் இருக்கும் தூசும் புகையும் அதை எவ்வளவு மறைத்தன என்று அளக்கிறது. ஆனால் அது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தக் காற்றுக்குமான கணக்கு. நமக்கு வேண்டியது மூக்குக்கு நேராக இருக்கும் காற்று. அதே அளவு புகை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தால் ஒரு கதை, தரையோடு படிந்து கிடந்தால் வேறு கதை. அதனால் அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், தரைக்கு மேல் காற்று எவ்வளவு உயரம் வரை கலந்து புரள்கிறது என்பதெல்லாம் சேர்க்கப்படுகின்றன. அப்புறம் சாலைகள், போக்குவரத்து, மக்கள் அடர்த்தி, காடு, வயல், மலை. மாசு எப்படிப் பரவி எப்படி வேதிமாற்றம் அடைகிறது என்று கணக்கிடும் வளிமண்டல மாதிரிகளின் விடைகளும் கூடவே போகின்றன. இத்தனையையும் ஒரு பக்கம் வைத்து, நிலையம் இருக்கும் இடங்களில் உண்மையில் அளந்த எண்ணை மறுபக்கம் வைத்து, இரண்டுக்குமான உறவை இயந்திரம் கற்றுக்கொள்கிறது. கற்ற பிறகு, நிலையமே இல்லாத இடத்துக்கும் ஒரு மதிப்பீடு தருகிறது. ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒன்று, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று.

இப்படிக் கிடைத்த வரைபடத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியது, 2017ல் ஹார்வர்டிலிருந்து சியான் டி, பிரான்செஸ்கா டொமினிசி, ஜோயல் ஷ்வார்ட்ஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்களில் 6 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை, நியூரல் நெட்வொர்க் என்ற மெஷின் லேர்னிங் முறை மதிப்பிட்ட மாசு அளவோடு அஞ்சல் குறியீடு வாரியாக இணைத்தார்கள். 2000 முதல் 2012 வரை. ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு அபாயம் 7.3 சதவீதம் கூடியது.

அதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று. அப்போது அமெரிக்கச் சட்டம் பாதுகாப்பானது என்று வைத்திருந்த ஆண்டு வரம்பு 12 மைக்ரோகிராம். அந்த வரம்புக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் ஆபத்து மறையவில்லை. அதே 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 13.6 சதவீதம் என்று, இன்னும் செங்குத்தாக ஏறியது. இந்த முடிவை பழைய முறையில் எடுத்திருக்கவே முடியாது. காற்று ஓரளவு சுத்தமாக இருக்கும் கிராமப்புறங்களில் நிலையங்கள் குறைவு. அங்கே வாழ்ந்தவர்கள் முன்பு ஆய்வுகளில் இடம்பெறாமலே போனார்கள். கோடிக்கணக்கானவர்களின் மூச்சைக் கணக்கில் கொண்டுவந்ததுதான் இயந்திரத்தின் பங்களிப்பு. அதற்கு நான் மனதாரத் தலைவணங்குகிறேன்.

2021ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டு அளவை 10லிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. 2024ல் அமெரிக்கா தன் வரம்பை 12லிருந்து 9 ஆக்கியது. குறைந்த அளவிலும் கேடு தொடர்கிறது என்று காட்டிய ஆய்வுகள் சேர்ந்து சேர்ந்துதான் இது நடந்தது.

சரி, இனி என் கவலைக்கு வருகிறேன்.

இயந்திரம் தருவது மதிப்பீடு. அது அளவீடு இல்லை. வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கருவி அளந்த சதுரமும் கணக்குப் போட்டு ஊகித்த சதுரமும் அதே சிவப்பு, அதே மஞ்சள். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சில சமயம் எழுதுகிறவரே மறந்துவிடுகிறார்.

இப்படிக் கற்றுக்கொண்டு மதிப்பிடும் கணக்குமுறைகளையும் மாதிரி என்றுதான் சொல்கிறார்கள். இவற்றின் திறனைச் சோதிக்க, கையில் இருக்கும் அளவீடுகளில் ஒரு பகுதியை மறைத்துவைத்து, அவற்றை மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக மறைத்தால் மதிப்பெண் அருமையாக வரும். ஏன்? ஒரு நிலையத்தின் செவ்வாய்க்கிழமையை மறைத்தால், அதே நிலையத்தின் திங்களும் புதனும் மாதிரிக்குத் தெரியும். பக்கத்து நிலையத்தின் செவ்வாயும் தெரியும். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை அது. ஒரு வட்டாரத்தின் நிலையங்கள் அத்தனையையும் சேர்த்து மறைத்துவிட்டு, அந்த வட்டாரத்தைச் சொல் பார்க்கலாம் என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும். அப்போது மதிப்பெண் இறங்கும், சில இடங்களில் வெகுவாக இறங்கும். புதிய கட்டுரை ஒன்றை எடுத்தால் நான் சுருக்கத்தை ஓட்டிவிட்டு நேராக இந்தப் பகுதிக்குத்தான் போகிறேன். எப்படி மறைத்தார்கள் என்று தெளிவாக எழுதாத கட்டுரையின் துல்லிய எண்ணை நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கல், இந்தப் பிழைகள் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. டெர்ரா முற்பகலிலும் அக்குவா பிற்பகலிலும் கடந்துபோகும்படி அனுப்பப்பட்டவை. அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் தரையோடு தேங்கி நிற்கும் அதிகாலையையும் இரவையும் அவை பார்ப்பதில்லை. கொரியாவின் ஜெம்ஸ், அமெரிக்காவின் டெம்போ போன்ற புதிய கருவிகள் ஒரே இடத்துக்கு மேலே நின்றபடி பகல் முழுக்க மணிக்கணக்கில் பார்க்கின்றன. அது நல்ல முன்னேற்றம். ஆனாலும் இரவு இரவுதான். மலிவான சென்சார்கள் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். அவற்றுக்கும் ஒரு குறை உண்டு: ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும், சென்சார் அதையும் மாசு என்று கூட்டிச் சொல்லும். தரமான நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று பார்த்துத்தான் திருத்த முடியும். ஆக, அங்கேயும் ஒரு நல்ல நிலையம் வேண்டும்.

அப்புறம், இப்படிப்பட்ட மாதிரிகள் உச்சங்களைச் சராசரிப் பக்கம் இழுத்துவிடும் இயல்பு கொண்டவை. மிக மோசமான நாளைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும், மிக நல்ல நாளைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். ஆண்டுச் சராசரிக்கு இது பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அக்காவைப் போன்றவர்களுக்கு ஆண்டுச் சராசரியால் மூச்சு அடைப்பதில்லை. ஒரு மோசமான பின்மாலையில் அடைக்கிறது. இயந்திரம் வழித்துச் சமமாக்கிவிடும் அந்த உச்சம்தான் அவளுடைய வாழ்க்கையில் முக்கியமான எண்.

நிலையம் இல்லாத இடம், மேகம் அதிகமான இடம், விறகடுப்பும் குப்பை எரிப்பும் டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்து புகையும் இடம். இவையெல்லாம் பெரும்பாலும் ஏழைகள் வாழும் இடங்கள். மாதிரி கற்றுக்கொண்டதோ பெரும்பாலும் பணக்கார நாடுகளின் நிலையங்களிலிருந்து. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களைப் பற்றித்தான் அதற்கு மிகக் குறைவாகத் தெரியும். இந்த அநியாயத்தை இயந்திரம் உண்டாக்கவில்லை. ஆனால் அழகான வரைபடம் அதை மறைத்துவிடும், அதுதான் எனக்குப் பயம்.

காற்றின் அளவைச் சரியாகவே மதிப்பிட்டுவிட்டாலும், அந்த நோய் இந்தக் காற்றால்தான் வந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். மாசு அதிகமான இடத்தில் வருமானம் குறைவாக இருக்கும், வேலை கடினமாக இருக்கும், வைத்தியம் தாமதமாகக் கிடைக்கும். எதனால் எது என்று எப்படிப் பிரிப்பது? மேலே சொன்ன ஹார்வர்டின் 2017 ஆய்விலேயே, ஒவ்வொருவரும் புகைபிடித்தாரா என்ற தகவல் காப்பீட்டுப் பதிவில் கிடையாது. பகுதி வாரியான புகைப்பழக்கத் தகவலை வைத்துத்தான் ஈடுசெய்தார்கள். தரவு எத்தனை கோடியாகப் பெருகினாலும் இந்த ஓட்டை தானாக அடையாது.

அதை ஒத்துக்கொண்டு மேலே போனதுதான் அந்தக் குழுவினரிடம் எனக்குப் பிடித்தது. 2020ல் அவர்களில் சிலர் சேர்ந்து, 2000 முதல் 2016 வரை 6.85 கோடிப் பேரின் பதிவுகளை எடுத்து, ஐந்து வெவ்வேறு புள்ளியியல் வழிகளில் அதே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு வழக்கமான வழிகள். மற்ற மூன்றும், எல்லா விதத்திலும் ஒத்திருக்கும், காற்றில் மட்டும் வேறுபடும் மக்களை ஒப்பிட முயலும் வழிகள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே விடையைக் கொடுத்தன: 10 மைக்ரோகிராம் குறைந்தால் இறப்பு அபாயம் 6 முதல் 7 சதவீதம் குறையும்.

இயந்திரம் எதுவும் இல்லாமலே இந்தக் கேள்விக்கு அழகான விடை கிடைத்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986ல் மூடப்பட்டு, சுமார் பதின்மூன்று மாதம் கழித்துத் திறந்தது. மக்கள் அதே மக்கள், வருமானமும் பழக்கமும் பெரிதாக மாறவில்லை. ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்கோளாறோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள், ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆர்டன் போப் இதைப் பதிவேடுகளிலிருந்து தொகுத்து 1989ல் வெளியிட்டார். ஒரு நல்ல கேள்வியும் கவனமான ஒப்பீடும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தோன்றவில்லை. இன்றைய இயந்திரங்களை, இப்படி மூடப்படும் ஆலைகளையும் தடைசெய்யப்படும் எரிபொருள்களையும் உலகம் முழுக்கத் தேடிப் பிடிக்கப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

துகள் எங்கிருந்து வந்தது என்பதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவைப் பற்றி 2021ல் வந்த ஓர் ஆய்வில், காட்டுத்தீயால் வந்த நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், சுவாச நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 10 சதவீதம் வரை கூடியது. மற்ற வழிகளில் வந்த நுண்துகளுக்கு அது ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எடை ஒன்றுதான், கேடு வேறு. காட்டுத்தீயின் பங்கை மட்டும் நாள்தோறும் பிரித்துச் சொல்லும் மாதிரிகளை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் இப்போது உருவாக்கியிருக்கிறார்கள். இதை நான் உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். இன்று வெளியே போகாதீர்கள் என்று போனில் வரும் எச்சரிக்கைகளைப் பற்றி எனக்கு அத்தனை உற்சாகம் இல்லை. வெளியே போனால்தான் சம்பளம் என்று இருப்பவருக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்?

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். 2023ல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் கண்டது என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில், நுண்துகள் புதிதாக மரபணுப் பிறழ்வை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. வயதாக ஆக நுரையீரலில் சில செல்களில் ஏற்கெனவே பிறழ்வு வந்து, ஒன்றும் செய்யாமல் கிடக்கும். நுண்துகள் போய் அழற்சியைக் கிளப்பி அவற்றை எழுப்பிவிடுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தடுத்தபோது எலிகளில் அந்தப் புற்று தடுக்கப்பட்டது. மக்கள்தொகைத் தரவில் மாசும் புற்றும் சேர்ந்து ஏறுவதைக் கண்ட பிறகு, அதற்கான வழியை எலிகளிலும் மனிதத் திசுக்களிலும் தேடிப் போனார்கள்.

தனி மனிதரைப் பற்றி இதெல்லாம் என்ன சொல்கிறது என்று அக்கா ஒருமுறை கேட்டாள். 2013ல் லண்டனில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கடுமையான ஆஸ்துமாவால் இறந்தாள். பரபரப்பான சாலைக்கு அருகே வீடு. அவளுடைய அம்மா விடாமல் போராடி, 2020 டிசம்பரில் நடந்த இரண்டாவது மரண விசாரணையில், காற்று மாசும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று தீர்ப்பு வாங்கினார். பிரிட்டனில் அதுவே முதல்முறை. அந்த விசாரணைக்கு வழிவிட்ட நிபுணர் அறிக்கையில் முக்கியமாக இருந்தது, அவள் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருந்த நிலையத்தின் அளவீடு. அந்த நிலையம் அங்கே இல்லாமல், ஒரு மாதிரியின் ஊகம் மட்டும் இருந்திருந்தால் அது எடுபட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "நம்ம தெருவுல எது இருக்கு?" என்றாள். எதுவும் இல்லை.

இந்த மாதிரிகளிடமிருந்தே கிடைக்கும், இதுவரை அதிகம் பயன்படுத்தாத ஒரு விஷயம் இருக்கிறது. சரியாகக் கட்டிய மாதிரி, தன் மதிப்பீட்டோடு கூடவே அதில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்பதையும் சொல்லும். மாசு எங்கே அதிகம் என்ற வரைபடத்தை எல்லோரும் வெளியிடுகிறார்கள். எங்கே தனக்குத் தெரியவில்லை என்ற அந்த இரண்டாவது வரைபடம் பெரும்பாலும் பின்னிணைப்பில் புதைந்துவிடுகிறது. அதை முன்னால் எடுத்துவைத்து, அதன்மேல் மக்கள் அடர்த்தியைப் போட்டுப் பார்த்தால், அடுத்த நிலையத்தை முதலில் எந்தப் பகுதியில் வைக்க வேண்டும் என்ற பட்டியல் கிடைத்துவிடும். நிலையம் வைக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும், ஆய்வாளர்கள் கேட்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.